வி.பி.என். கொம்பனியின் விளக்கத்தை எப்படி வாசிப்பது?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அறை எடுத்திருந்து வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். காசு கட்டிப் பாவிக்கும் வி.பி.என்.னில் (இணையத் தொடர்பை மறைத்துத் தங்கள் சேர்வர் வழியாக அனுப்பும் சேவை) பாதுகாப்புக் குறை இருப்பதாக விமர்சனம் வந்தது. அவர்களும் நீளமாகப் பதில் வெளியிட்டிருக்கிறார்கள். தொடர்ந்து பாவிக்கலாமா?

பதில்: அவசரப்பட்டு விடத் தேவையில்லை. முதலில் அந்தப் பதிலில் திகதிகளைத் தேடுங்கள். எப்போது நடந்தது, அவர்களுக்கு எப்போது தெரியவந்தது, உங்களுக்கு எப்போது சொன்னார்கள்? இவை இல்லாத விளக்கத்தை நான் நம்பமாட்டேன்.

உதாரணத்துக்கு, நோர்ட் வி.பி.என். என்ற கொம்பனி பின்லாந்தில் வாடகைக்கு எடுத்திருந்த சேர்வர் ஒன்றுக்குள் 2018 மார்ச்சில் யாரோ புகுந்துவிட்டார்கள். கொம்பனி அதை ஒத்துக்கொண்டது 2019 ஒக்டோபரில், விஷயம் வெளியே கசிந்த பிறகு. வாடிக்கையாளர் விபரம் போகவில்லை என்றார்கள். சரி, ஆனால் தெரிந்தவுடனே சொல்லாததுதான் பலரைக் கோபப்படுத்தியது. பிறகு வெளியாரைக் கொண்டு தணிக்கை, குறை கண்டுபிடிப்பவருக்குச் சன்மானம், ராம் நினைவகத்தில் மட்டும் ஓடும் சேர்வர்கள் என்று இறங்கினார்கள். மின்சாரம் நின்றால் ராமில் இருப்பது அழிந்துவிடும். உங்கள் கொம்பனியின் பதிலிலும் இப்படியான மாற்றங்களைத்தான் தேட வேண்டும். தணிக்கை என்றால் அறிக்கையைத் திறந்து, சேர்வரையும் பார்த்தார்களா, ஆப்பை மட்டுமா என்று பாருங்கள்.

"நாங்கள் பதிவு வைப்பதில்லை", அதாவது யார் எங்கே இணைந்தார்கள் என்று குறித்து வைப்பதில்லை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஐபிவானிஷ் என்ற வி.பி.என். கொம்பனியும் அப்படித்தான் சொன்னது. 2016இல் அமெரிக்க விசாரணையாளர்களுக்கு ஒருவரின் இணைப்பு விபரங்களை அது கொடுத்தது 2018இல் வெளியே வந்தது. மாறாக, 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸ் தேடுதல் ஆணையோடு முல்வாட் என்ற வி.பி.என். கொம்பனியின் அலுவலகத்துக்குப் போய், வாடிக்கையாளர் விபரம் எதுவும் இல்லாமல் திரும்பியதாக அந்தக் கொம்பனி அறிவித்தது.

வங்கிக் கணக்கை நினைத்துப் பயப்படுகிறீர்களென்றால், வங்கித் தளத்துக்கும் உங்களுக்கும் இடையே தனியாகக் குறியாக்கம் இருக்கிறது. கடவுச்சொல்லை வி.பி.என். காரரால் சாதாரணமாக வாசிக்க முடியாது. எந்த வங்கிக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் தெரியக்கூடும். ஆனாலும் வி.பி.என். கணக்கின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள், அதையே வேறெங்கும் வைத்திருந்தால் அங்கேயும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, அடுத்ததை மாதக் கட்டணத்தில் எடுங்கள்.

அப்புறம், 2022 ஏப்ரலில் இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கியபோது அவசரத்தில் இறக்கிய இலவச வி.பி.என். இன்னும் ஃபோனில் கிடக்கிறதா? காசு வாங்காதவர் சேர்வர் செலவை எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். அதை முதலில் அழியுங்கள், செட்டிங்ஸில் அதன் பெயர் மிச்சமிருந்தால் அதையும் நீக்குங்கள்.