காருக்கு எந்த வாக்ஸ் அல்லது பாலிஷ் போட்டால் பளபளப்பு நீண்ட நாள் நிற்கும்?

திறந்தவெளியில் வெயிலில் நிற்கும் கார், வீட்டிலேயே கையால் போட வேண்டும், வருடத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் மெனக்கெட முடியாது. கேட்பவர்களில் பெரும்பாலோர் நிலை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கார்னாபா என்ற இயற்கை மெழுகில் செய்த பேஸ்ட் வாக்ஸை விட்டுவிட்டு, செயற்கை பாலிமரால் ஆன சிந்தெடிக் சீலன்ட்டோ, சிலிக்கா கலந்த ஸ்ப்ரே கோட்டிங்கோ வாங்குங்கள். ஆனால் டப்பாவைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. பளபளப்பு வருவது அடியில் இருக்கும் பெயின்டிலிருந்து. மேலே பூசுவது அதைக் கொஞ்ச நாள் காப்பாற்றும், அவ்வளவுதான்.

பாலிஷ் என்பது மிக நுண்ணிய உப்புக்காகிதம் போல வேலை செய்வது. கீறல் விழுந்த கிளியர் கோட்டின் (நிறப் பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) மேல்பகுதியைத் தேய்த்து எடுத்துச் சமமாக்குகிறது. வாக்ஸும் சீலன்ட்டும் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான படலமாக உட்காருகின்றன. கம்பெனியிலிருந்து வரும் காரில் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதில்தான் இருக்கிறது. எனவே ஒவ்வொரு சர்வீஸிலும் "ரப்பிங் பாலிஷ் போட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காரின் ஆயுளில் மூன்று நான்கு முறை ஆழமாக பாலிஷ் செய்தாலே அதிகம்.

உங்கள் காருக்கு பாலிஷ் தேவையா என்று பார்க்க, கழுவித் துடைத்த பானெட் மேல் மொபைல் டார்ச்சை அடியுங்கள். வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் ஒருமுறை பாலிஷ் வேண்டும்; இல்லாவிட்டால் நேராக சீலன்ட்டுக்குப் போகலாம். நகத்தை ஓட்டும்போது தட்டுப்படும் கீறல் பாலிஷில் போகாது, அதை விரட்டிக்கொண்டு தேய்த்தால் கிளியர் கோட்தான் காலியாகும். பிறகு ஒரு பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் கழுவினால் போகாத தூசி, தார், இரும்புத்துகள் ஒட்டியிருக்கிறது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் கார்களில் இது ஆரஞ்சுப் புள்ளிகளாகவே தெரியும். அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாகிக் கரைந்து வழியும்.

மீதிச் சொரசொரப்புக்கு க்ளே பார், அதாவது ஒட்டிய துகள்களைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி. உள்ளங்கையளவு தட்டி, ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவந்துகொண்டே இருங்கள். கீழே விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டிய ஒரு மணல் துகள் போதும். போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைத் திட்டுகளுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்துக் கழுவுங்கள். அதற்கும் போகாவிட்டால் உப்பு கிளியர் கோட்டை அரித்திருக்கிறது என்று அர்த்தம், பாலிஷ்தான் வழி.

கையால் பாலிஷ் செய்வதில் கொஞ்சம்தான் பலன் கிடைக்கும். முழுக் காருக்கும், சுழன்றுகொண்டே அசையவும் செய்யும் ட்யூயல் ஆக்‌ஷன் மெஷின் நல்லது: 5 அங்குல பேட், ஒரு நேரத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, நான்கைந்து தடவை மெதுவாக. வட்டமாக மட்டும் சுற்றும் ரோட்டரி மெஷினைப் பழகாத கையில் கொடுத்தால் டோர் ஓரத்திலும் பானெட் மடிப்பிலும் பெயின்ட் எரிந்துவிடும், அங்கே கிளியர் கோட் மெலிதாக இருக்கும். பாலிஷ் முடிந்ததும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்துவிடுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் பெயின்டில் தங்கினால் சீலன்ட் பிடிக்காது. "மூன்று மாதம் என்றார்கள், மூன்று வாரத்தில் போய்விட்டது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்தத் துடைப்பு கீறலின் உண்மை நிலையையும் காட்டிவிடும். மலிவான பாலிஷ்கள் கீறலை எடுக்காமல் எண்ணெயால் நிரப்பி மறைக்கின்றன, இரண்டு வாஷில் திரும்ப வந்துவிடும்.

இப்போது டப்பா. கார்னாபா, பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து வருவது. கறுப்பு, அடர் சிவப்பு, அடர் நீலத்தில் அதன் ஆழமான பளபளப்பு தனி அழகு. ஆனால் சுத்தமான கார்னாபாவே 82 முதல் 86 டிகிரியில் உருகும். டப்பாவில் இருப்பதோ சால்வென்டும் மெழுகும் கலந்து இன்னும் இளகியது. மே மாத வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தாண்டும். நான்கு முதல் எட்டு வாரம் நின்றாலே சந்தோஷப்படலாம். கல்யாணத்துக்குக் காரை மினுக்க அது போதும்.

மெகுயர்ஸ் அல்டிமேட் லிக்விட் வாக்ஸ் போன்ற பாலிமர் வகை மூன்று முதல் ஆறு மாதம் நிற்கும். டர்ட்டில் வாக்ஸ் ஹைப்ரிட் சொல்யூஷன்ஸ் செராமிக் ஸ்ப்ரே கோட்டிங் வகையும் ஏறக்குறைய அப்படியே, போடுவது இன்னும் சுலபம். பாட்டிலில் ஒரு வருடம் என்று அச்சிட்டிருந்தால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். வெள்ளை, சில்வர் கார்களில் கார்னாபாவுக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, எனவே யோசிக்கவே வேண்டாம். லேபிளில் "கிளீனர் வாக்ஸ்" என்று இருந்தால் அதில் தேய்ப்புத்தூளும் இருக்கலாம். புது காருக்கு அது தேவையில்லை.

போடும்போது கெட்டுப்போவது அளவால்தான். லிக்விட் என்றால் ஒரு ஹேட்ச்பேக்குக்கு 25 முதல் 30 மில்லி போதும். ஸ்ப்ரே என்றால் ஒரு டோருக்கு இரண்டு முறை அடித்து, ஒரு துணியால் பரப்பி, இன்னொன்றால் உடனே துடைக்க வேண்டும். தடிமனாக அப்பினால் அதிக நாள் நிற்காது, துடைக்கத்தான் உயிர் போகும். நிழலில், கையை வைத்தால் சூடே தெரியாத பெயின்டில் போடுங்கள். லிக்விட் வகையில் 5 முதல் 10 நிமிடம் விட்டு விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: சுத்தமாக வந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் காயவில்லை. கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், அதில் காய்ந்த வெள்ளைக் கறையை எடுப்பது தனி வேலை. அன்று முழுவதும் தண்ணீர் படக்கூடாது.

இவ்வளவு செய்தும் பளபளப்பைக் கொல்வது எது தெரியுமா? அபார்ட்மென்ட்டில் காலை ஐந்தரைக்கு ஒரே வாளித் தண்ணீரில் பத்து காரைத் துடைக்கும் ஈரத்துணி. கார் துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கிடைக்கும் தண்ணீர் அவ்வளவுதான். கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை இரண்டு வாளி வைத்து கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வாக்ஸின் ஆயுளைக் குறைக்கும். வாட்டர் சர்வீஸில் டீசல் தொட்டுத் துடைத்துக் காட்டும் மினுமினுப்பு மறுநாளே தூசியை இழுத்துப் பிடிக்கும், ரப்பர் பீடிங்கையும் ஊதவைக்கும். பறவை எச்சம் அதே நாளில் போக வேண்டும், எந்த வாக்ஸும் அதை வாரக்கணக்கில் தாங்காது. ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள்.

மறுபடி எப்போது போடுவது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஷாம்பு போட்டுக் கழுவிய பின்னும் பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படர்ந்தால் அடுத்த கோட் போடலாம். அதே போல, இடித்துப் புதிதாக பெயின்ட் அடித்த பேனல் இருந்தால் அதில் மட்டும் இரண்டு மாதம் எதுவும் பூசாதீர்கள். உள்ளிருந்து சால்வென்ட் வெளியேறி முடியட்டும்.