காலி பென் டிரைவில் ஏன் ஏறவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசை என் மகன் வீடியோ எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஒரே ஃபைல், 6 ஜிபி. படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு டிவியில் போட்டுக் காட்ட 32 ஜிபி பென் டிரைவ் வாங்கினேன். ஃபைல் ரொம்பப் பெரிசு என்று சொல்லி ஏற மறுக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை, முழுக்கக் காலி! கடையில் மாற்றி வாங்கினேன், அதிலும் அப்படியேதான். என்ன செய்யட்டும்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, இரண்டு பென் டிரைவும் நல்லவைதான். மாங்காய் மண்டியில் எடைச்சீட்டு பார்த்திருப்பீர்கள். எடை எழுத நாலு கட்டம்தான் என்றால் 9,999 கிலோவுக்கு மேல் ஒரே சீட்டில் எழுத முடியாது, குடோன் எவ்வளவு காலியாக இருந்தாலும். கடையில் வாங்கும் 32 ஜிபி பென் டிரைவ் பெரும்பாலும், ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஃபேட்32 என்ற முறையில்தான் வருகிறது. 1996-ல் விண்டோஸ் 95 காலத்தில் வந்த முறை. ஒரு ஃபைலின் அளவைக் குறிக்க அதில் ஒதுக்கிய இடத்தில் 4,29,49,67,295 பைட் வரைதான் எழுத முடியும். அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. உங்கள் தபசு 6 ஜிபி.

பென் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஃபார்மட்’ போங்கள். ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் ‘எக்ஸ்ஃபேட்’ தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும். உங்களுடையது காலிதானே, கவலையில்லை. பிறகு 6 ஜிபியும் ஏறும்.

ஆனால் பழைய டிவி சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. அப்படியானால் ஃபேட்32-க்கே திரும்பி, மகனிடம் சொல்லி வீடியோவை இரண்டாக வெட்டி வாங்குங்கள், ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள். அர்ச்சுனன் மரம் ஏறத் தொடங்கும் இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் பார்ப்பவர் மனசு தொங்கிப்போகும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும். 2013-ல் என் தங்கை வளைகாப்புப் படங்களை ‘கட்’ செய்து பென் டிரைவுக்கு மாற்றினேன். பச்சைக் கோடு ஓடி முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன். தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் சொருகிப் பார்த்தால் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. திறந்தால் தங்கையின் முகம் இருக்கிறது, வளையல் போட்ட கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் பட்டை. கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பென் டிரைவுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. கோடு முடிந்தது, எழுத்து முடியவில்லை. ‘கட்’ செய்ததால் வீட்டிலும் மூலப்படம் இல்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இப்படித் தேக்கி வைப்பதை இயல்பாகவே நிறுத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் பென் டிரைவில் விளக்கு இருந்தால் அது சிமிட்டுவது நிற்கும்வரை தொடாதீர்கள். கீழே வலது மூலையில் ‘எஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடுங்கள். திரும்பச் சொருகி, வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள்.

மாற்றி வாங்கிய கடைக்குப் போனால் இன்னொரு பென் டிரைவும் வாங்குங்கள். அதில் ஒரு பிரதி போட்டுக் கூத்து வாத்தியார் கையில் கொடுங்கள், விடிய விடிய ஆடியவர்களுக்குத் தங்கள் ஆட்டத்தைப் பார்க்க வேறு வழி இருக்காது.