மூன்றாம் நாள் தொங்கிய கழுத்து: ஊசியா காரணம்?

கேள்வி: பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கடைக்காரர் சில்லறையாகக் குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தார். இரவில் அதைப் பிராந்தி என்று நினைத்து மாமனார் ஒரு மடக்கு குடித்துவிட்டார். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஊசி போட்டதும் பிதற்றினார், மறுநாள் தெளிந்தார். வீட்டுக்கு அழைத்து வந்தோம். மூன்றாம் நாள் கழுத்து நிற்கவில்லை, மூச்சும் திணறியது. செயற்கை சுவாசத்தில் வைத்து இப்போதுதான் மீண்டிருக்கிறார். ஊசிதான் காரணம் என்கிறார் கடைக்காரர். அதே மருந்து கலந்த வாளியில் வாய் வைத்த இரண்டு ஆடுகளில் ஒன்று செத்தது. பிழைத்ததை வியாபாரி விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: ஊசி காரணமன்று. நீங்கள் சொல்லும் போக்கு ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தை விழுங்கியவரிடம் காணப்படும் போக்கு. நரம்பு தசையை இயக்குவதற்கு அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால் அசிட்டைல்கோலின் தேங்கி, மூடாத குழாயைப் போல எச்சிலும் கண்ணீரும் சளியும் பெருகுகின்றன. கண்மணி சுருங்குகிறது, சதை துடிக்கிறது, நுரையீரல் சளியில் மூழ்குகிறது. அட்ரோபின் ஊசி இந்தச் சளியை வற்றச் செய்து உயிரைக் காக்கிறது. அளவு கூடும்போது வாய் வறண்டு, உடல் சூடேறி, நோயாளி பிதற்றுவதும் உண்டு. அளவைக் குறைத்தால் அது அடங்கிவிடும். ஆனால் தசையின் சோர்வை அட்ரோபின் தொடுவதே இல்லை.

அந்தச் சோர்வுதான் முதல் நாள் ஆபத்து தீர்ந்த பிறகு, பெரும்பாலும் 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்திலும் தோளிலும் மூச்சுத் தசைகளிலும் இறங்குகிறது. படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் முடியாது. இதுவே முதல் அறிகுறி. இரவில் அதைக் கேட்டுப் பார்க்க ஒரு செவிலியர் போதும். கேட்பதில்லை, தெளிந்து பேசுபவரின் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுக்கும் அவசரத்தில் மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து நாளாவது வைத்திருக்க வேண்டியவரை இரண்டாம் நாளில் வீட்டுக்கு அனுப்பியதே பிழை. அந்தப் பிழையைக் காட்டித் தன் பங்கை மறைத்துக்கொள்ளக் கடைக்காரருக்கு உரிமையில்லை.

உப்புத் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல பூச்சிமருந்துகள் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கரைக்கப்பட்டவை. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் நஞ்சுக்கு மேல் இன்னொரு நோய் சேர்கிறது. வாந்தி எடுக்கவைக்காதீர்கள், மோர், எண்ணெய் எதுவும் புகட்டாதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாட்டிலோடு கிளம்புங்கள். காவல்துறை வழக்கு என்று சொல்லி ஒரு மருத்துவமனை வாசலிலேயே தயங்கினால், அவசரச் சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதை நினைவூட்டுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நோயாளியின் வீட்டார்தான் அதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

என் பெரும் கோபம் அந்தக் குவார்ட்டர் பாட்டிலின் மேல்தான். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிய கலனில், பெயர்ச்சீட்டோடுதான் விற்க வேண்டும். சீட்டிலுள்ள முக்கோணம் சிவப்பா மஞ்சளா நீலமா பச்சையா என்பதே நஞ்சின் கடுமையைச் சொல்லும். சில்லறைப் பாட்டிலில் சீட்டும் இல்லை, முக்கோணமும் இல்லை, ரசீதும் இல்லை. டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்து 2020 டிசம்பர் 31 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. பெயரில்லாத பாட்டிலில் எது இருக்கிறது என்று எந்த ஆய்வாளர் கண்டுபிடிப்பார்? 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது தடயவியல் ஆய்வில் தெரிந்தது. மருந்துக்கும் உணவுக்கும் பாத்திரம் மாறினால் விளைவு இதுதான். உங்கள் ஊர்க் கடையின் மேல் வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஆட்டை விற்காதீர்கள். நஞ்சுண்ட கால்நடை என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கி, அன்றே அறுத்துக் கறியாக்கிவிடும் வியாபாரிகள் இருக்கிறார்கள். உடம்பில் இன்னும் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்த்து மதிப்பிட முடியாது. அசைபோடும் பிராணியின் முதல் வயிற்றில் தங்கியது மெல்ல மெல்ல இரத்தத்தில் சேரும். எல்லா மருந்தும் ஒரே மாதிரி அல்ல. குளோர்பைரிபாஸ், ஃபென்தியான் போன்றவை கொழுப்பில் கரைந்து தங்குபவை. இவற்றில் அறிகுறி தாமதமாகத் தொடங்கலாம், அடங்கியது போலிருந்து திரும்பலாம். முதல் நாள் புல் மேய்ந்ததை வைத்து ஆடு தப்பியது என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் பாட்டிலுக்குப் பெயர் இல்லாததால் இந்த வகை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கால்நடை மருத்துவர் நாள் குறித்துச் சொல்லும்வரை கறியும் வேண்டாம், பாலும் வேண்டாம். ஆட்டுக்கும் அட்ரோபின்தான் மருந்து, ஆனால் அளவு மீறினால் வயிறு அசைவற்று உப்பிக்கொள்ளும். மனிதருக்கு வாங்கியதை நீங்களே போட்டுவிடாதீர்கள். செத்த ஆட்டை நாய்க்குப் போடாமல், கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

மாமனாருக்கு இன்னும் ஒரு கவனம் மிச்சமிருக்கிறது. விழுங்கி ஒன்று முதல் மூன்று வாரங்களில் கெண்டைக்கால் வலி, பாதம் மதமதப்பு, செருப்பு நழுவுவது போன்றவை தொடங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நிகழ்வை அவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், மருத்துவமனை கொடுத்த சீட்டில் அது எழுதப்பட்டிருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள்.