ஒகசாகி வாய்ப்பு: மொழி தெரியாது, மனைவியோடு போகலாமா?

வணக்கம் தம்பி. ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் (ஜேஎஸ்பிஎஸ்) உதவித்தொகையில், ஜப்பானின் ஒகசாகி நகரிலுள்ள தேசிய அடிப்படை உயிரியல் நிறுவனத்தில் இடம் கிடைத்தும், ஜப்பானிய மொழி தெரியாதே, மனைவி அங்கே வேலை பார்க்க முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று தயங்குகிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஜப்பானிய உயிரியலாளர் யோஷினோரி ஓசுமி 1996 முதல் 2009 வரை, செல்கள் தங்கள் பாகங்களைத் தாமே சிதைத்து மறுபயன்படுத்தும் ‘தன்னுண்ணல்’ பற்றிய ஆய்வை வளர்த்த இடம் அது. அந்த ஆய்வுக்குத்தான் 2016இல் நோபல் பரிசு. ஆய்வகத்துக்குள் ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம். வெளியே, வீட்டு ஒப்பந்தம், மருத்துவர் என்று வரும்போதுதான் திணறுவோம். ஹிரகானா, கதகானா என்ற ஜப்பானிய எழுத்து வகைகள் இரண்டையும் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் முக்கியம். இந்த உதவித்தொகையில் போகிறவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. அதனால் ஊழியர் காப்பீடு கிடையாது. வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அப்போதே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் இருவரும் சேர்ந்துவிடுங்கள். பிறகு சிகிச்சைச் செலவில் உங்கள் பங்கு பொதுவாக 30 சதவீதம்தான். நான் இதைத் தள்ளிப்போட்டு, ஒரு காய்ச்சலுக்கு முழுப் பணமும் கட்டினேன்.

மனைவி சார்ந்தோர் விசாவில் வந்தால், குடிவரவு அலுவலகத்தில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். முழுநேரம் என்றால் தனி விசா வேண்டும்.

சாப்பாட்டில் கவனம். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில்கூடப் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். குக்கரும் பருப்பும் இருந்தால் கவலையில்லை.

அப்புறம், முதல் வாரம் நகராட்சிக்குத் துணைக்கு யாராவது வருவார்களா என்று பேராசிரியருக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.