மரத்தூள் கலந்த பாத்தியில் கத்தரி மஞ்சளாகிறதா?

வணக்கம். முதல் பாத்தியில் இரண்டு கூடை மரத்தூளைக் கொத்திக் கலந்தீர்கள், மூன்றே வாரத்தில் கத்தரி நாற்று மஞ்சளாகி நின்றுவிட்டது என்கிறீர்கள். நோயாக இருக்காது, பூச்சி விரட்டி எதுவும் அடித்துவிடாதீர்கள்.

முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியிலைகள் வெளுத்து, குருத்து மட்டும் பச்சையாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. குருத்தே வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் கோளாறு, அது வேறு கதை. உங்கள் விவரிப்பு முதல் வகைதான்.

காரணம் அந்த மரத்தூள். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சில நூறு பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ 25, 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். மரத்தூளில் அது கிடைக்காததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. செடி பட்டினி. நானும் முதல் வருடம் இதே வேலையைச் செய்து ஒரு பாத்தி வெண்டையைத் தொலைத்தேன்.

மேலே தெரியும் தூளை வழித்தெடுத்து, மண்மேல் போர்வைபோலப் பரப்பும் மூடாக்காகப் போடுங்கள், மேற்பரப்பில் கிடந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நன்றாக நீர்த்து வாரம் ஒருமுறை வேரோரம் ஊற்றுங்கள். நன்கு மக்கிய உரமும் ஒரு கை. பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், வேர் கருகும். பழுத்த இலை திரும்பப் பச்சையாகாது, புதுத் துளிரைக் கவனியுங்கள்.

அந்தப் பாத்தியில் அடுத்து அவரையோ தட்டைப்பயறோ போடலாம்.