போலீஸ் பிடித்த சக்திமான் லாரி: மீட்க முடியுமா, பதிய முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறேன். பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் (எம்.இ.ஜி.) ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சக்திமான் என்ற ராணுவ லாரியை ஓட்டியவர். அந்த ஆசையில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் 1974 மாடல் சக்திமான் லாரி ஒன்றை வாங்கி, நண்பர்களோடு சேர்ந்து இன்ஜின், பிரேக், பாடி எல்லாம் சரிசெய்தேன். அதே ராணுவப் பச்சை, அம்புக்குறி போட்ட அதே நம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோஸ்கோட்டை பக்கம் ஓட்டிப் போனபோது போலீஸ் வண்டியைப் பிடித்துவிட்டார்கள். கையில் இருப்பது வியாபாரியின் ரசீதும், ஏல டெலிவரி ஆர்டரின் ஜெராக்ஸும்தான். விண்டேஜ் வண்டியாகப் பதியலாம் என்கிறார்கள் சிலர். வெளி மாநில ஆர்.சி. ஏற்பாடு செய்வதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எங்கோ உடைத்துப்போட்ட லாரியின் ஆர்.சி.யைக் கொண்டுவந்து, அந்தச் சேஸிஸ் எண்ணை உங்கள் வண்டியில் அடித்துத் தருவதுதான் அவர்கள் செய்கிற ஏற்பாடு. பதிவில்லாமல் ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 192-ன்படி முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். போலி ஆவணத்தை அசல் என்று காட்டினால் அது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 340-ல் வரும் குற்றம், சிறைக்குக் கொண்டுபோகும். அப்பாவின் நினைவுக்காகச் செய்த வண்டியில் அந்தக் கறை வேண்டாம்.

இனி வண்டியின் நிலை. ராணுவ வாகனங்கள் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 60-ன் கீழ் தனியாகப் பதிவாகின்றன. மத்திய அரசின் கையை விட்டுப் போனதுமே 39, 40 பிரிவுகள் பொருந்தும்; அதாவது மற்ற வண்டிகளைப் போல ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு மத்திய மோட்டார் வாகன விதி 47 ஒரு தாளைக் கேட்கிறது: ராணுவம் விற்ற வண்டி என்றால் சம்பந்தப்பட்ட ராணுவ அதிகாரி தந்த அசல் விற்பனைச் சான்று, படிவம் 21. வியாபாரியின் ரசீது அதற்கு ஈடாகாது.

ஆகவே அந்த ஜெராக்ஸை எடுத்து நிதானமாகப் படியுங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண் போட்டு 'வாகனம்' என்று விற்றிருக்கிறார்களா, அல்லது 'ஸ்கிராப்' என்றா? வாகனம் என்று இருந்தால் நம்பிக்கை உண்டு. ஏலம் விட்ட ராணுவ டிப்போவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, லாட் எண், தேதி, சேஸிஸ் எண் குறிப்பிட்டு ஏலப் பதிவின் நகலையும் படிவம் 21 தரப்பட்டதா என்ற விவரத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சான்று ஏலத்தில் எடுத்தவர் பெயரில்தான் இருக்கும். அவரிடமிருந்து உங்கள் வியாபாரிக்கு, வியாபாரியிடமிருந்து உங்களுக்கு என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எழுத்து வேண்டும்.

ஸ்கிராப் என்று இருந்தால், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அந்த வண்டி சாலைக்கு வராது. சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டலாம் என்று பலரும் நம்புகிறார்கள். பிரிவு 39-ன் வாசகமோ 'பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ' என்கிறது. நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டுக் காட்டலாம். நகர்த்த வேண்டுமானால் வண்டியை ஏற்றிச் செல்லும் தாழ்தள லோ-பெட் லாரிதான்.

விண்டேஜ் விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர்கள் பாதி விதியைத்தான் படித்திருக்கிறார்கள். 2021 ஜூலையில் வந்த விதிகள் 50 வயது கடந்த வண்டிகளுக்குத்தான், சரி. ஆனால் இருசக்கர வாகனங்களுக்கும் எம்1 எனப்படும் பயணிகள் கார் வகைக்கும் மட்டுமே. ஜோங்கா என்ற ராணுவ ஜீப் வைத்திருப்பவர் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். சக்திமான் சரக்கு வண்டி, அதில் வராது. எனவே படிவம் 21 கிடைத்தாலும் சரக்கு வாகனமாகவே பதிய வேண்டும்: பதிவு விண்ணப்பமான படிவம் 20, காப்பீடு, தகுதிச் சான்று, மாநில வரி. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டுவதால் பர்மிட்டும் உண்டு. 7,500 கிலோவுக்கு மேல் என்று ஆர்.சி.யில் ஏறினால் உங்கள் கார் லைசென்ஸ் போதாது, கனரக லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். பிரிவு 57-ன்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நிறத்தை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ராணுவப் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதிலும் பூசக்கூடாது என்று விதி 121 தெளிவாகச் சொல்கிறது. பழைய எண்ணும் ரெஜிமென்ட் சின்னமும் இன்னும் ஆபத்து. சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அடையாளம் தாங்குவது சன்ஹிதாவின் பிரிவு 168-ல் குற்றம். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. கண்டோன்மென்ட் நிறைந்த ஊரில் வழியில் நிறுத்தும் காவலருக்கு அது தெரிய வழியில்லை.

வண்டியை மீட்கும் வேலையை இதற்கெல்லாம் காத்திருந்து தள்ளிப்போட வேண்டாம். வழக்கு போயிருக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 497 அல்லது 503-ன் கீழ் இடைக்கால ஒப்படைப்பு கேளுங்கள். பிடித்த வண்டிகளைக் காவல் நிலையத்தில் வெயிலிலும் மழையிலும் அழிய விடக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. சாலையில் ஓட்ட மாட்டேன், இழுவை வண்டியில் ஏற்றிச் செல்வேன், எண்ணையும் நிறத்தையும் மாற்றுவேன் என்று உறுதிமொழிப் பத்திரம் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் நேர்மையை நீதிபதிக்குக் காட்டுவது அதுதான். அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தக நகலையும் மனுவோடு வையுங்கள்; உரிமையை நிரூபிக்காது, ஆனால் இந்த வண்டி ஏன் உங்கள் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லும்.