திரையின் ஓரம் புரொஜெக்டர் கண்ணுக்குத் தெரியவேண்டும்

உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீடு. தீபாவளிக்கு 100 அங்குலத் திரையும், திரையின் அளவுக்குத் தானாகவே படத்தைப் பொருத்தும் புரொஜெக்டரும் வாங்கினோம். கறுப்புச் சட்டம் இல்லாத வெள்ளைத் திரை, பின்னால் வெள்ளைச் சுவர். பொருத்தச் சொன்னால் ஒருநாள் படம் திரைக்கு வெளியே வழிகிறது, இன்னொரு நாள் திரையே இல்லை என்கிறது. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?”

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இயந்திரத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. இந்த வகைப் புரொஜெக்டர்களின் முகப்பில் லென்ஸுக்குப் பக்கத்தில் சின்னக் கேமரா ஒன்று இருக்கும். பட்டனை அழுத்தியதும் வெள்ளை வெளிச்சமோ கட்டம் போட்ட படமோ சுவரில் விழும். கேமரா அதைப் படமெடுக்கும். அந்தப் படத்தில் வெளுப்பும் கறுப்பும் சந்திக்கிற நேர்க்கோடுகளை மென்பொருள் தேடும். நான்கு கோடுகள் கிடைத்தால் நான்கு மூலைகள் கிடைத்துவிடும். மூலைக்கு இரண்டு எண்கள் வீதம் மொத்தம் 8 எண்கள். படத்தை இழுத்து வளைத்துத் திரைக்குள் உட்கார வைக்க அவ்வளவு போதும்.

ஆக, அது திரையைத் தேடுவதில்லை, கோட்டைத்தான் தேடுகிறது. வெள்ளைச் சுவரில் வெள்ளைத் திரை இருந்தால் கோடு எங்கே இருக்கும்? அதனால்தான் அலமாரியின் விளிம்பையும் ஏர்கானின் அடிப்பகுதியையும் திரையின் ஓரம் என்று எடுத்துக்கொள்கிறது.

கறுப்பு ஓரம் ஒன்றை நீங்களே அமைத்துவிடலாம். வெல்வெட் போல் பூனைமுடி உள்ள கறுப்பு டேப், 5 சென்டிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள். 100 அங்குலத் திரை சுமார் 221 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம். சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். 8 மீட்டர் வாங்கினால் மூலைகளுக்கும் சேர்த்துப் போதும். வயர் சுற்றுகிற பளபளப்பான கறுப்பு டேப் வேண்டவே வேண்டாம். அதன்மேல் வெளிச்சம் பட்டால் வெள்ளையாக மின்னும், கோடு நடுவில் அறுந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைச் சுவரில் ஒட்டி, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மின்னினால் அது ஆகாது.

ஒட்டுகிற இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சட்டமில்லாத திரை சுவரிலிருந்து சற்று முன்தள்ளி நிற்கும். திரையின் ஓரத்தை உரசினாற்போல் டேப்பை ஒட்டினால், சாய்வாகப் பார்க்கிற கேமராவுக்கு இரண்டுக்கும் நடுவே வெள்ளைச் சுவர் கீற்றாகத் தெரியும். அதனால் திரை மாட்டியிருக்கும்போதே சுற்றிலும் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். அப்புறம் திரையைக் கழற்றிவிட்டு, கோட்டுக்கு உள்ளே 2 சென்டிமீட்டர், வெளியே 3 சென்டிமீட்டர் வருமாறு ஒட்டுங்கள். மூலைகளில் இடைவெளி இருக்கக்கூடாது. வாடகை வீடென்றால் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை அடியில் போட்டுக்கொள்ளுங்கள், சுவர்ச் சாயம் உரியாது.

ஓரம் தயாரானதும் அறையைக் கவனியுங்கள். மாலை வெயில் சன்னல் வழியாகத் திரையில் பட்டால் அந்த வெளிச்சக்கோட்டையும் கேமரா ஓரமென்று நம்பும். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், அல்லது ஏழரை மணிக்குமேல் செய்யுங்கள். கேமராவின் கண்ணாடியை மென்மையான துணியால் துடையுங்கள். விரல் ரேகை ஒன்று போதும், ஓரம் மங்கிவிடும். உங்களுடையது சுவரோடு நிற்கும் திரை. சுருட்டி இறக்கும் திரை வைத்திருப்பவர்கள் மின்விசிறியையும் நிறுத்தவேண்டும், திரை ஆடினால் கோடும் ஆடும். செங்காங்கில் ஒரு வீட்டில் நான் அரைமணி நேரம் திணறினேன். தலைவாசலில் கட்டியது போக மீந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைத் திரைக்குமேல் மாட்டியிருந்தார்கள். இரண்டு இலைகள் மேல் ஓரத்தில் தொங்கின. தோரணத்தைக் கழற்றியதும் முதல் முயற்சியிலேயே படம் நேராக உட்கார்ந்தது.

புரொஜெக்டரை வைக்கும் இடமும் முக்கியம். படம் திரையைவிட எல்லாப் பக்கமும் சற்றுப் பெரிதாக விழவேண்டும். திரையின் ஒரு மூலை வெளிச்சத்துக்கு வெளியே இருந்தால் இயந்திரத்தால் ஒன்றும் செய்யமுடியாது. கையேட்டில் ‘த்ரோ ரேஷியோ’ என்றொரு எண் இருக்கும். பட அகலத்தைப்போல் எத்தனை மடங்கு தூரத்தில் இயந்திரத்தை வைக்கவேண்டும் என்பதை அது சொல்லும். அது 1.2 என்றால், 221 சென்டிமீட்டர் அகலத்துக்கு 2.65 மீட்டர் தூரம். அதைவிட ஒரு சாண் பின்னால் வையுங்கள். அதற்காகச் சோபா ஓரத்தில் கோணலாக வைத்துவிட்டு, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். திருத்தம் என்பது புள்ளிகளை அணைப்பதுதான். 1920 × 1080 புள்ளிகள் உள்ள படம் நீள அகலத்தில் 80 விழுக்காடாகச் சுருங்கினால், 2 மில்லியனுக்குமேல் இருந்த புள்ளிகளில் சுமார் 1.3 மில்லியன்தான் மிஞ்சும். சப்டைட்டில் எழுத்தில் அது பளிச்சென்று தெரியும். முடிந்தவரை நடுவில், நேராக வையுங்கள்.

சரி, ஒருமுறை நன்றாகப் பொருந்திவிட்டால், ஒவ்வொரு முறை போடும்போதும் தானாகத் திருத்தும் வசதியை மெனுவில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் மேசையில் இடித்தாலே மறுபடியும் தேட ஆரம்பித்துவிடும். அதன்பிறகும் ஒரு மூலை மட்டும் விரலளவு விலகி நின்றால், நான்கு மூலைகளையும் தனித்தனியாக நகர்த்தும் அமைப்பில் அந்த மூலையை மட்டும் ரிமோட்டால் தள்ளுங்கள். படத்தின் விளிம்பு டேப்பின் கறுப்புக்குள் மயிரிழை நுழைந்தால் போதும், மிஞ்சிய வெளிச்சத்தை வெல்வெட் விழுங்கிவிடும்.